பட்டன் கண்ணில் படமாட்டேங்குதே!

கேள்வி: பெட்ஷீட் மொத்த வியாபாரம் பண்றோமுங்க. கடைக்காரர்கள் செல்போனிலேயே ஆர்டர் போட நானே ஒரு ஆப் செய்தேன். டிசைன், எண்ணிக்கை எல்லாம் நிரப்பிவிட்டு, கடைசியில் இருக்கும் ‘சமர்ப்பி’ பட்டனை அழுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். நாலு நாள் கழித்து ‘சரக்கு இன்னும் வரலையே’ என்று போன் வருகிறது. பட்டனைச் சிவப்பாக்கி, பெரிதாக்கி, மின்னவும் விட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. திரையின் படத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாமுங்க?
- வாசகர், சென்னிமலை

பதில்: படத்தைப் பார்த்தேன் தம்பி. மேலே மஞ்சளில் தள்ளுபடி அறிவிப்பு, பக்கத்தில் பச்சையில் வாட்ஸ்அப், நடுவில் நீலத்தில் ‘மேலும் சேர்’, ஆரஞ்சில் ‘விலைப்பட்டியல்’, அடியில் சிவப்பில் மின்னிக்கொண்டு உங்கள் பட்டன். பவானி ஜமக்காளம் போல இருக்கிறது. ஜமக்காளத்துக்குப் பட்டை பட்டையாக நிறம் இருப்பதுதான் அழகு, ஆனால் அதில் ஒரு பட்டையில் மட்டும் கண் நிற்கவேண்டும் என்றால் நிற்காது. வெள்ளை வேட்டியின் ஒற்றைக் கரையோ எதிர்ச் சாரியில் இருந்தே தெரியும். அதனால் சிவப்பைக் கூட்டாதீர்கள், மற்ற நாலையும் அடக்குங்கள். வாட்ஸ்அப்பும் விலைப்பட்டியலும் வெறும் எழுத்தாக இருக்கட்டும், ‘மேலும் சேர்’ பட்டனுக்கு மெல்லிய கோடு மட்டும் போதும். நிறம் நிரப்பிய பட்டன் ஒரு திரைக்கு ஒன்றே ஒன்று.

மின்னுவதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 1998-ல் பென்வே, லேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இணையப் பக்கங்களை வைத்துச் சோதித்தபோது, தேடும் விஷயமே பெரிய வண்ணப் பட்டைக்குள் இருந்தும் பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனார்கள். விளம்பரம் போலத் தோன்றினாலே கண் ஒதுக்கிவிடுகிறது, உங்கள் பட்டனுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். சிவப்பிலும் ஒரு சிக்கல்: செல்போனில் சிவப்பு என்றால் ‘அழி’, ‘ரத்து’ என்று பழகிவிட்டோம், பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கை தயங்கும். மஞ்சளுக்கு மாற்றலாம் என்று தோன்றினால் அதன்மேல் வெள்ளை எழுத்து வேண்டாம், வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் படிக்கும்படி வகுத்த இணைய அணுகல் விதி. அடர் நீலத்தில் வெள்ளை எழுத்து அதைத் தாராளமாகத் தாண்டும்.

அப்புறம், படத்தில் தெரியாத ஒன்றைச் சோதியுங்கள். எண்ணிக்கையைத் தட்டும்போது கீபோர்டு மேலே வந்து பாதித் திரையை மூடுமே, அப்போது பட்டன் எங்கே போகிறது? அதற்கு அடியில் ஒளிந்துவிட்டால், நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுவார்கள். கடைசிக் கட்டத்தை நிரப்பியதும் கீபோர்டு இறங்கி, அதே இடத்தில் கட்டைவிரலுக்கு எட்டும்படி பட்டன் வரட்டும். ஆண்ட்ராய்டில் தொடும் பகுதி 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று கூகுள் சொல்கிறது, உங்கள் பட்டன் அதைவிடப் பெரிது, எனவே அளவில் குறை இல்லை.

‘சமர்ப்பி’ என்ற சொல்லையும் மாற்றுங்கள். கடைக்காரர் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘40 பெட்ஷீட் ஆர்டர் போடு’ என்று எண்ணிக்கையோடு எழுதினால், இதை அழுத்தினால்தான் சரக்கு வரும் என்று அதுவே சொல்லிவிடும். அழுத்தியதும் ‘ஆர்டர் வந்துவிட்டது’ என்று ஒரு வரி கட்டாயம் வரட்டும், அது வராவிட்டால் முடியவில்லை என்று இரண்டு மூன்று முறையில் அவர்களே பழகிக்கொள்வார்கள்.

மற்றதை அடக்கச் சொன்னேன் என்று ‘ரத்து செய்’ பட்டனை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மங்கவிடாதீர்கள். வாங்குபவரை இப்படித் திசைதிருப்பும் வடிவமைப்புகளுக்கு எதிராக 2023-லேயே மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்திருக்கிறது, அதோடு உங்களை நம்பி வாங்குகிறவர்களுக்குச் செய்யக்கூடாத காரியம் அது.

எல்லாம் மாற்றியபின், அடுத்து கடைக்கு வரும் வாடிக்கையாளர் கையில் போனைக் கொடுத்து ‘ஒரு ஆர்டர் போடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பார்ப்போம்.