கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள், கேஸ் போடலாமா?

தவணை ஒப்பந்தத்தில், அதாவது முடியும் தேதி குறித்துப் போட்ட கான்ட்ராக்டில் வேலை செய்து, தேதி வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் கேட்ட கேள்விகள் இவை. மலேசியாவில், பினாங்கில் தொழிற்சங்க வேலையிலேயே ஊறிப்போனவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை டெக்னீஷியன்: அண்ணே, ஒரு வருட கான்ட்ராக்டை ஏழு தடவை புதுப்பித்தார்கள். இந்த முறை "ஒப்பந்தம் முடிவடைகிறது, நன்றி" என்று அரைப் பக்கக் கடிதம். கையெழுத்துப் போட்டது நான்தானே, கேஸ் நிற்குமா?

நிற்க வாய்ப்பு இருக்கிறது தம்பி. தலைப்பில் தவணை ஒப்பந்தம் என்று அச்சடித்துவிட்டால் மட்டும் போதாது. அது உண்மையிலேயே தவணை வேலையா, நிரந்தர வேலைக்குப் போட்ட முகமூடியா என்று நீதிமன்றம் தோண்டிப் பார்க்கும். 2020-இல் அகமட் ஸாஹ்ரி எதிர் எய்ம்ஸ் சைபர்ஜெயா வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: ஒப்பந்தம் போடும்போது இரு தரப்பின் எண்ணம் என்ன, வேலை நடந்த காலத்தில் முதலாளி எப்படி நடந்துகொண்டார், கம்பெனியின் தொழிலும் அந்த வேலையும் எப்படிப்பட்டவை. ஒப்பந்தம் அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டு வந்த அந்த ஊழியர் ஜெயித்தார். பினாங்குக்கு இது புதுக்கதையும் இல்லை. ஹான் சியாங் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் 1980களிலேயே இதே கேள்வி வந்தது. வக்கீல்கள் இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஏழு தடவையும் நீங்கள் மனுப் போட்டுக் கேட்டீர்களா, எச்.ஆர். தானாகவே தாளை நீட்டியதா? நடுவில் இடைவெளி விழுந்ததா? போனஸ், சம்பள உயர்வு, லீவு எல்லாம் நிரந்தர ஊழியர்களைப் போலத்தானா? இன்றைக்கு அதே மெஷினில் வேறு ஆள் நிற்கிறாரா? சூப்பர்வைசர் வாட்ஸாப்பில் அடுத்த வருட ஷிப்ட் அட்டவணையை அனுப்பி, அதில் உங்கள் பெயரும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். கட்டுக்கட்டான ஒப்பந்தத் தாளைவிட அது கனமாகப் பேசும்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு தடவை என்கிற எண்ணிக்கை மட்டும் கேஸை ஜெயித்துத் தராது. பிரசவ லீவில் போனவருக்குப் பதிலாக வந்தவர், ஒரு புரோஜெக்ட்டுக்காக மட்டும் எடுக்கப்பட்டவர் போன்றவர்களின் ஒப்பந்தம் உண்மையான தவணை ஒப்பந்தமாகவே இருக்கலாம்.

செந்தூல், கணக்குப் பிரிவு: மேலிடத்துக்கு அப்பீல் எழுதியிருக்கிறேன் ஐயா. "பார்க்கிறோம்" என்றே ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கிறார்கள். பதில் வந்ததும் புகார் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா, இன்றைக்கே காலண்டரை எடுங்கள். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுத்துவிட வேண்டும். சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். உங்கள் அப்பீல் ஓடுகிறது என்பதற்காகக் கணக்கு நிற்காது. நோட்டீஸ் கொடுத்து நிறுத்தியிருந்தால் நோட்டீஸ் காலத்திலேயே மனு கொடுக்கலாம். நல்ல கேஸை வைத்துக்கொண்டு, கம்பெனியின் இனிப்பான பேச்சை நம்பித் தேதியைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஜெலுத்தோங், கடை ஊழியர்: வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே?

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இலாகா நடத்தும் சமரசக் கூட்டத்தில் வக்கீலுக்கு இடமும் இல்லை, முதலாளி தரப்புக்கும் அதேதான். அங்கே "ஒரு மாதச் சம்பளம் தருகிறோம், இத்தோடு முடித்துக்கொள்ளலாம்" என்று தாளை நீட்டினால் நிதானமாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். சமரசம் ஆகாவிட்டால் தொழிலியல் நீதிமன்றம். முன்பு அமைச்சர் வழியாகப் போக வேண்டியிருந்தது, 2021 முதல் இலாகாவே நேரடியாக அனுப்பிவிடுகிறது.

செராஸ், சேல்ஸ்: ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும்?

சட்டப்படி நீங்கள் கேட்பது பழைய வேலையைத்தான். நடைமுறையில் உறவு கெட்டுப்போயிருக்கும், பணமாகத்தான் முடியும். பின்சம்பளம், அதாவது வேலை போனதிலிருந்து இழந்த சம்பளம், அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். வேலைக்குத் திரும்ப முடியாததற்கு ஈடாக, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுப்பது வழக்கம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்திருந்தால் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். ஒப்பந்தம் உண்மையான தவணை ஒப்பந்தம்தான், நடுவில் தூக்கிவிட்டார்கள் என்றால், மீதியிருந்த மாதங்களைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம்: சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையிழப்புக் காப்புறுதி கேட்டால் இல்லை என்கிறார்களே?

தவணை ஒப்பந்தம் முடிந்து போவதை அந்தத் திட்டம் வேலையிழப்பாகக் கணக்கெடுப்பதில்லை. தானாக ராஜினாமா செய்தாலும் அப்படித்தான். ஆட்குறைப்பு என்றால் கிடைக்கும், அதற்கும் 60 நாள் கெடு உண்டு.

பிரிக்பீல்ட்ஸ், உணவகம்: நான் தமிழ்நாட்டிலிருந்து பர்மிட்டில் வந்தவன். எனக்கும் இதெல்லாம் உண்டா அண்ணே? கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை.

உண்டு தம்பி. 20-ஆவது பிரிவு குடியுரிமை கேட்பதில்லை. பர்மிட் தேவைப்படுகிறது என்பதாலேயே ஒப்பந்தம் தவணை ஒப்பந்தமாகிவிடாது என்றும் அதே 2020 தீர்ப்பு சொன்னது. பர்மிட் முடிந்தபின் இங்கே தங்குவது குடிநுழைவு விவகாரம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சம்பள பாக்கிக்குப் போக வேண்டிய இடமும் வேறு: தொழிலாளர் இலாகா, அதாவது ஜாபத்தான் தெனாகா கெர்ஜா. பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.