தோல் உள்ளே, தந்தவர் வெளியே

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆறு பேர் சேர்ந்து பாட்டுக்குழு நடத்துகிறோம். சாதிக் கொடுமையையும் சாமி பெயரால் நடக்கும் ஏமாற்றையும் பாடுகிறோம். கூட்டம் நின்று கேட்கிறது, கை தட்டுகிறது, கலைந்துவிடுகிறது. யாரும் கூடப் பாடுவதில்லை. கொச்சையாக எழுதுகிறோம் என்று தமிழாசிரியர் ஒருவர் கண்டித்தார். பாட்டால் எதுவும் மாறுமா? ஒரு பாட்டை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

பாட்டைக் கேட்டேன். கொச்சை என்ற கவலையை இன்றோடு விடுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்துக்கே, இலக்கண வழு இருக்கிறதென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னால் சேர்க்கும் பாட்டு) தராமல் நாள் கடத்தினார். பாரதி பாடக் கேட்டு உருகிய பிறகு தந்தார்.

என் கோபம் வேறு. உங்கள் பாட்டில் வரிக்கு வரி வசவு. யார், யாரிடம், என்ன செய்தான் என்பது ஓரிடத்திலும் இல்லை. வெறும் வசவைக் கேட்கிற பெரிய மனிதர், நம்மைச் சொல்லவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

பெரியபுராணத்தை எடுத்துப் படியுங்கள். ஆதனூர்த் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், சிவன் கோயில்களுக்கு என்னென்ன கொடுத்தார் என்று சேக்கிழார் அடுக்குகிறார்: முழவுக் கருவிகளுக்குப் போர்வைத் தோல், இழுத்துக் கட்ட வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, அர்ச்சனைக்கு மாட்டுப் பித்தப்பையில் கிடைக்கும் கோரோசனை. இத்தனையும் உள்ளே போகின்றன. கொடுத்தவர் வாசலில் நின்று ஆடிப் பாடுகிறார். தில்லையில் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் அவருக்கு வழி. இந்தப் பட்டியலைவிடக் கடுமையான வசவு உங்களிடம் இருக்கிறதா?

கோபாலகிருஷ்ண பாரதி இன்னும் ஒரு படி போனார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியப் பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தார். சிதம்பரம் போக வேண்டுமா, 40 வேலிச் சாகுபடியையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். வேலிக்கு 6.6 ஏக்கர் என்று வைத்தாலும் 260 ஏக்கருக்கு மேல். சாமி கும்பிடுவதற்கு அனுமதி, அனுமதிக்கு விலை வயல்வேலை. கேட்கிற பண்ணையாளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் உங்கள் ஊரில் தேர் வராத தெருவையும், திருவிழா வரி மட்டும் வாங்கப்படுகிற வீட்டையும் எழுதுங்கள்.

அடுத்தது கட்டுமானம். உங்கள் சரணம் எட்டு வரி ஓடுகிறது. அதற்குள் கூட்டம் பல்லவியை மறந்துவிடும். மயிலாடுதுறையில் அடங்கியதாகச் சொல்லப்படும் குதம்பைச் சித்தரின் வடிவத்தைப் பாருங்கள். முதலடி நாலு சீர், இரண்டாமடி இரண்டு சீர், பிறகு ஒரு விளி, இரண்டாமடியே திரும்பவும். முதலிரண்டு அடி பாடுகிறவருக்கு, திரும்பி வருவது கூட்டத்துக்கு. இப்படி:

தந்ததோல் சந்நிதி முன்னே அதிர்கையில்
தந்தவன் தீட்டாமோ? – சொல்லுங்க
தந்தவன் தீட்டாமோ?

எதுகை நினைவில் நிறுத்தும். கடைசி எழுத்து நெடிலாக இருந்தால் இழுத்துப் பாடலாம். மெய்யில் முடித்தால் தெருவில் குரல் அறுந்துபோகும். முன்பாட்டுக்காரர் மூன்று கட்டை சுருதியில் எடுக்கிறார், அதுவும் தவறு. பாடிப் பழகாத ஆண்குரல் ஒன்று, ஒன்றரையைத் தாண்டாது. கீபோர்டைக் கொஞ்ச நாள் வீட்டில் வையுங்கள்.

பாட்டால் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நாலு பேர் கூடப் பாடட்டும், பிறகு பேசுவோம்.

பதிவில் பறை தொப்தொப் என்கிறது. ஐப்பசி ஈரம் தோலைத் தொய்ய விட்டிருக்கிறது. வைக்கோல் மூட்டி, பறையை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே காய்ச்சுங்கள். நெருப்புக்கு மிகக் கிட்டே பிடித்தால் தோல் சுருங்கி வெடிக்கும், சட்டத்தில் ஒட்டிய புளியங்கொட்டைப் பசையும் விட்டுப்போகும். விரலால் தட்டிக் கணீரென்றதும் எடுத்துவிடுங்கள். பனியில் மறுபடி தொய்யும்; ஒன்று மேடையில் இருக்கையில் இன்னொன்று நெருப்போரம் இருக்கட்டும்.

வசவு இல்லாமல் ஒரு பாட்டு எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.