மாலா-டியும் வீங்கிய கெண்டைக்காலும்

கேள்வி: நான் 34 வயது திருநங்கை. பெண் ஹார்மோனுக்காக ஆறு வருடமாக மெடிக்கலில் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரையை வாங்கி தினம் நான்கு போடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘ஆம்பள வரிசையா, பொம்பள வரிசையா’ என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார்கள். காய்ச்சலுக்குப் போனாலும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தால்தான் பார்ப்பேன் என்கிறார்கள். போவதையே விட்டுவிட்டேன். நான்கு நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. வேறு மாத்திரை மாற்றலாமா?

பதில்: மாத்திரை பிறகு. இன்றே போய்க் காலைக் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு என்றால் உள்ளே ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108. காலை நீவாதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். மாலா-டியை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு மாலா-டியில் எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் 0.03 மி.கி. இருக்கிறது. நான்கு போட்டால் 0.12, கருத்தடைக்குப் போடும் பெண் ஒரு நாளில் எடுப்பதைப் போல நான்கு மடங்கு. இந்த வகை ஹார்மோனைக் கல்லீரலால் எளிதில் உடைக்க முடியாது; அது திரும்பத் திரும்பக் கல்லீரலைத் தூண்டி, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். (அட்டையில் நிறம் மாறியிருக்கும் ஏழும் வெறும் இரும்புச்சத்து. அதையும் ஹார்மோன் என்று விழுங்குபவர்கள் உண்டு.)

ஓ.பி. வரிசையில் நிற்கவே வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “நான்கு நாளாக ஒரு கால் வீக்கம், ஆறு வருடமாக தினம் நான்கு மாலா-டி” என்று சொல்லுங்கள். அட்டையையும் காட்டுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் தசைப்பிடிப்பு என்று வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும். ‘டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா?’ என்று நீங்களே கேட்கலாம்; ரத்தக்குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் ஸ்கேன் அது. கட்டி உறுதியானால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தருவார்கள். வலி போனதும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

எச்.ஐ.வி. சோதனை எடுத்தால்தான் சிகிச்சை என்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி செல்லாது. உங்கள் சம்மதமில்லாமல் எடுக்கவும் கூடாது. சோதனை நல்லதுதான், அதை நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) தனியாக எடுத்துக்கொள்ளலாம். திருநங்கை என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதை 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது. அரசு மருத்துவமனையில் யாராவது விரட்டினால் அங்கேயே நிலைய மருத்துவ அலுவலரிடம் தேதி, நேரம், சீட்டு எண்ணோடு எழுதிக் கொடுங்கள். தனியார் மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு. ஆனால் கால்தான் முதலில், புகார் அப்புறம்.

ஹார்மோனை மறுபடி எப்போது, எந்த வடிவில் தொடங்குவது என்பதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சொல்லட்டும். உறைவு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரையைவிடத் தோலில் பூசும் ஜெல்லையோ ஒட்டும் பட்டையையோதான் தேர்ந்தெடுப்பார்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். நிர்வாணம் (விதைகளையும் ஆணுறுப்பையும் நீக்குவது) ஆகியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்: விதைகள் இல்லாமல் ஹார்மோனும் இல்லாமல் வருடக்கணக்கில் விட்டால் எலும்பு தேயும். புராஸ்டேட் சுரப்பி அப்போதும் உள்ளேதான் இருக்கும்; பிற்காலத்தில் சிறுநீர்த் தொந்தரவு வந்தால் மருத்துவருக்கு இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.