ஒரே ராத்திரியில் நாலு தடவை

பழைய டிஸ்கோ, ஹவுஸ் பாடல்களைப் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அன்றைக்குப் பிடித்தது இன்றைக்கு ஏன் சலிக்கிறது, அன்றைக்கு ஒதுக்கியது இன்றைக்கு ஏன் இனிக்கிறது என்பதைத்தான் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

என் அண்ணன் 1983-ல் போனி எம் கேசட்டைத் தேயத் தேயப் போட்டு ஆடுவான். நான் கல்லூரிக்குப் போன தொண்ணூறுகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே கேலி செய்வார்கள். இப்போது என் மகளின் போனில் 'ரஸ்புடின்' ஓடுகிறது. எப்படி?
— சேலம் வாசகர்

உங்கள் வீட்டில் நடந்ததை நான் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திருச்சி தெப்பக்குளம் பக்கத்தில் அப்பா ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். பாட்டு லிஸ்ட்டை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலீஷ் பாட்டு கேட்டு வருகிறவர்கள் லிஸ்ட்டில் போனி எம் இல்லாமல் இருக்காது. பதிந்த கேசட் தவறிப்போய் அழிந்துவிடக் கூடாது என்று, அதன் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். அதே ஆட்கள் ஏழெட்டு வருஷம் கழித்து அதே கேசட்டோடு வருவார்கள். "அந்த ஓட்டையில செல்லோடேப் ஒட்டி, மேலயே புதுசா அடிச்சுக் குடும்மா" என்பார்கள். ஒட்டி ஒட்டி என் விரல் நுனி பிசுபிசுத்துக் கிடக்கும்.

'ரஸ்புடின்' 1978-ல் வந்தது. ஜெர்மனியில் பிராங்க் ஃபேரியன் என்ற தயாரிப்பாளர் உருவாக்கிய குழுதான் போனி எம். மேடையில் ஆடியவர் பாபி ஃபேரல். ரெக்கார்டில் கேட்கும் ஆண்குரலோ ஃபேரியனுடையது. இது தெரிந்த பிறகு 'போலி' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2021-ல் மஜெஸ்டிக் என்கிற டிஜே அதை மறுபடி கலந்து வெளியிட்டார். குட்டி வீடியோக்களில் பிள்ளைகள் அதற்கு ஆடத் தொடங்கினார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பாட்டோடு எந்தப் பழைய கணக்கும் இல்லை. அண்ணனுடையது என்ற சங்கடம் உங்களுக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. அண்ணன் போட்டுக் கழித்த பெல்பாட்டத்தைத் தம்பி தொட மாட்டான். பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தால் பேரப்பிள்ளைகள் சண்டை போட்டு எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் டிஸ்கோ ரெக்கார்டுகளை மைதானத்தில் வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பாட்டின் மேல் அவ்வளவு வெறுப்பா?
— தூத்துக்குடி வாசகி

ஒரு வரியில் விட்டது என் தவறு. விரிவாகவே சொல்கிறேன்.

1979 ஜூலை 12. சிகாகோவில் காமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். அன்றைக்கு உள்ளூர் வொயிட் சாக்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளர், ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்திருந்தார். கூட்டம் அலைமோதியது. முதல் ஆட்டம் முடிந்ததும் ரெக்கார்டுகள் நிரம்பிய பெட்டியை மைதானத்தின் நடுவே வெடிக்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி ஓடித் தரையைக் கிளறிவிட்டார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, வெற்றியை டெட்ராய்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று அங்கே டிக்கெட் பார்த்து இடம் காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ். கூட்டம் கொண்டுவந்தவை எல்லாம் டிஸ்கோ அல்ல என்று அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கறுப்பினக் கலைஞர்களின் சோல், ஆர்அண்ட்பி ரெக்கார்டுகளும் அந்தக் குவியலில் கிடந்தன. டிஸ்கோ வளர்ந்ததே கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடி ஆடிய கிளப்புகளில்தான். ஆகவே அன்று வெடித்ததை 'ரசனை மாற்றம்' என்று மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆடியவர்கள் யார் என்பதும் அந்த வெறுப்பில் இருந்தது.

பெரிய கம்பெனிகள் சட்டென்று டிஸ்கோவைக் கைவிட்டன. ஆனால் அதே சிகாகோவில், சவுத் ஜெபர்சன் தெரு 206-ல், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஆட்டம் நிற்கவில்லை. 1977-ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. புது டிஸ்கோ வரத்து குறையக் குறைய, இருந்ததையே டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். பிற்பாடு அடியில் டிரம் மெஷின் தாளமும் சேர்ந்தது. 'வேர்ஹவுஸில் போடுகிற பாட்டு' என்று ஜனங்கள் கேட்கப் போய், 'ஹவுஸ்' என்று ஒரு இசைக்கே பெயர் வந்தது. 1984-ல் முதல் ஹவுஸ் ரெக்கார்டுகளில் ஒன்று வெளிவந்தபோது, ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து அதைச் செய்தவர்களில் ஒருவர் அதே வின்ஸ் லாரன்ஸ்.

காமிஸ்கி பார்க்கை 1991-ல் இடித்துவிட்டார்கள். வேர்ஹவுஸ் கட்டடத்தை 2023-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகச் சிகாகோ நகரம் அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

முதல் தடவை தலைவலி, பத்தாவது தடவை தலையாட்டல். பழகினால் எதுவும் பிடித்துவிடுமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பிடித்துவிடாது. பழக்கம் பாதிதான். மீதிப் பாதி என்ன என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

ரோலண்ட் கம்பெனி 1981-ல் டிபி-303 என்று ஒரு வெள்ளி நிறப் பெட்டி விட்டது. கிட்டார் வாசிப்பவர் தனியாகப் பழகும்போது பேஸ் கிட்டாருக்குப் பதிலாக வாசிக்க வேண்டும், அதற்காகச் செய்தது. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள், செகண்ட்ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோவில் டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் — குழுவின் பெயர் ஃபியூச்சர் — அதில் ஒன்றை வாங்கினார்கள். அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். மோட்டார் போட்டதும் குழாயில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து கொப்பளிக்குமே, அப்படி ஒரு சத்தம், கூடவே தாளம். பத்து நிமிஷத்துக்கும் மேல். மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

டேப்பை மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிப்போய், தளம் காலியாகிவிட்டது. அவர் வேறு பாட்டுகள் போட்டுக் கூட்டத்தைத் திரும்ப வரவழைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி போட்டார். பிறகு மூன்றாவது தடவை. நாலாவது தடவை போட்டபோது கூட்டம் வெறி பிடித்த மாதிரி ஆடியது என்று பியர் சொல்லியிருக்கிறார். 1987-ல் அது 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற பெயரில் ரெக்கார்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்குப் பெயர் கொடுத்ததே அதுதான்.

அந்தக் கூட்டத்தைத் திருப்பியது நாலு தடவை கேட்டது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஹார்டியை அவர்கள் வருஷக்கணக்காக நம்பியிருந்தார்கள். பிடித்த பாட்டுகளுக்கு நடுவே வைத்துத்தான் அவர் பிடிக்காததைக் கொடுத்தார். ராத்திரி ஏற ஏற உடம்பும் இளகும். காலையில் பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு அதே பாட்டை நாற்பது தடவை கேட்டாலும் அது நடக்காது. உங்களுக்குத் தலைவலி தந்த பாட்டை, அதை உயிராக நினைக்கிற ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேளுங்கள்.

ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே ஒரு இந்தியர் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
— கோவை வாசகர்

பாதி உண்மை. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982-ல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று எச்.எம்.வி.யில் ஒரு ரெக்கார்டு கொடுத்தார். நான் மேலே சொன்ன அதே டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் இணைத்து வாசித்தது. விற்கவில்லை. 2002-ல் எடோ பாமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் அதைக் கண்டெடுத்து, 2010-ல் மறுவெளியீடு செய்தார். ஐரோப்பாவே அதிர்ந்தது: சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்னால் இந்தச் சத்தமா என்று. கடைசிக் காலத்தில் சரண்ஜித் அங்கெல்லாம் போய் வாசித்துவிட்டு வந்தார். 2015-ல் காலமானார்.

காலக்கணக்கில் அவர் முந்தியவர். ஆனால் சிகாகோ பையன்கள் அந்த ரெக்கார்டைக் கேட்டதே இல்லை. ஆகவே அவரிடமிருந்து இது பிறந்தது என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

எனக்கு இதில் வேறொன்று முக்கியம். அதில் யமன் இருக்கிறது, மால்கவுன்ஸ் இருக்கிறது, பூபாலி இருக்கிறது. நமக்கு அவை கல்யாணி, ஹிந்தோளம், மோகனம். நான் முதலில் கேட்டபோது என் காதில் விழுந்தது ராகம். அடியில் கொப்பளித்த மெஷினை அடுத்த தடவைதான் கவனித்தேன். ஆம்ஸ்டர்டாமில் ஆடிப் பழகினவருக்கு மெஷின்தான் முதலில் கேட்கும். டிபி-303-ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வசதி உண்டு. கமகம் பழகிய ஒருவர் கைக்கு அது ஏன் பிடித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1982-ல் அந்த ரெக்கார்டை, ராகம் தெரிந்தவர்கள் டிஸ்கோ என்று நினைத்திருப்பார்கள், டிஸ்கோ ஆடினவர்கள் ராகம் என்று நினைத்திருப்பார்கள். அதை இன்னதென்று அடையாளம் கண்டுகொள்ளும் காதுகளே 1987-க்குப் பிறகுதான் உண்டாயின.

பழைய பாட்டைத் துண்டு போட்டுப் புதுப் பாட்டில் ஒட்டுவது பழசைக் கெடுப்பதாகாதா?
— புதுச்சேரி வாசகர்

கெடுப்பதாகாது. ஆனால் கூலி கொடுக்காமல் விடுவது அநியாயம். வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-ல் 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டைத் தட்டின் பின்பக்கத்தில் வைத்தது. நடுவில் டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கிறார், சுமார் ஏழு நொடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகள் அந்த ஏழு நொடியை வேகம் கூட்டி, நறுக்கி, மாற்றி அடுக்கினார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசையெல்லாம் அதன் மேல் எழுந்தவை. அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான ரெக்கார்டுகளில் இருக்கிறது. கோல்மன் 2006-ல் வறுமையில் செத்துப்போனார். அந்த வாசிப்புக்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2015-ல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த சுமார் 24,000 பவுண்டை வாங்கிக்கொள்ள குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் இருந்தார். அடித்தவர் இல்லை.

உங்கள் ரசனையே தலைகீழான பாட்டு ஒன்று சொல்லுங்களேன், அக்கா.
— மன்னார்குடி வாசகர்

டோனா சம்மர் 1977-ல் பாடிய 'ஐ ஃபீல் லவ்', தம்பி.

1984-ல் ஜெர்மனி போய்வந்த ஒரு இன்ஜினீயர் அந்த எல்.பி.யைக் கொண்டுவந்து, கேசட்டில் பதியக் கொடுத்தார். பதிவென்றால் பாட்டு ஓடுகிற நேரம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மீட்டர் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கடை ஹெட்போனில் வலது காது வேலை செய்யாது. ஒயர் எங்கோ உள்ளே அறுந்திருந்தது. அளவு பார்க்க ஒரு காது போதாதா என்று அப்பா மாற்றவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் 'டுக்... டுக்... டுக்...' என்று விட்டுவிட்டு ஒரு மெஷின். மேலே குரல் பாட்டுக்குக் குரல். "இதுல உசிரே இல்லப்பா" என்றேன். "பாட்ட அவரு கேட்டுக்குவாரு, நீ முள்ளப் பாரு" என்றார். முள்ளைப் பார்த்தேன். இடது முள்ளோடு வலது முள்ளும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

கடையை 1996-ல் மூடினோம். 2012 மே மாதம் டோனா சம்மர் இறந்த செய்தி வந்த அன்று, தங்கை மகன் தன் நல்ல ஹெட்போனைக் கொடுத்து, "பெரியம்மா, இதுல கேளுங்க" என்றான்.

அந்தப் பாட்டை ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் மூனிக்கில் செய்தார்கள். மூக் சிந்தசைசர் ஒரு சுரம் வாசிக்கும். அது இடது பக்கம். ஒரு நொடியில் சிறு துளி நேரம் தாமதித்து அதன் எதிரொலி வரும். அது வலது பக்கம். இரண்டும் மாறி மாறி விழும்போதுதான் அந்தக் குதிரை ஓட்டம். கீழே தம் தம் என்று அடிப்பது மட்டும் மெஷின் இல்லை, கீத் ஃபோர்சி காலால் மிதித்து வாசித்த டிரம். இருபத்தெட்டு வருஷமாக நான் பாதிப் பாட்டைக் கேட்டு, உயிரில்லை என்று தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தேன்.

வலப்பக்கத்தைக் காதிலிருந்து விலக்கினேன்: டுக், டுக், டுக், அப்பாவின் கடை, பழைய கேசட் வாசனை. திரும்ப வைத்தேன், குதிரை கிளம்பிவிட்டது. அன்று ராத்திரி அதை எத்தனை தடவை விலக்கி வைத்தேனோ, தங்கை மகன் ஹெட்போனைத் திருப்பிக் கேட்கவில்லை.