வரிக்கு ஒரு கெடு வேண்டாமா?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் கொருக்குப்பேட்டையில் சின்னதாக பிளாஸ்டிக் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். இறக்குமதிப் பொம்மைக்கு 70 சதவீதம் வரி போட்ட பிறகுதான் மூச்சு விட முடிகிறது. எல்லாப் பொருளுக்கும் இப்படிப் போட்டால் நாடு முன்னேறிவிடாதா?
(ஒரு வாசகி, சென்னை-21)

பதில்: பட்டறை ஓடுவதில் எனக்கும் சந்தோஷம்தான் அம்மா. 20 சதவீதமாக இருந்த வரி 2020இல் 60 ஆனது, 2023இல் 70. ஆனால் துறைமுகத்தில் சுங்க வேலையை முடித்துச் சரக்கை எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட்டாகச் சொல்கிறேன், கண்டெய்னரை நிறுத்துவது 2021இல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. தர முத்திரைதான். வரி எவ்வளவானாலும் கட்டிவிட்டுச் சரக்கை எடுத்துவிடலாம். முத்திரை இல்லையென்றால் துறைமுகத்தை விட்டு நகராது.

சரி, 'எல்லாப் பொருளுக்கும்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு காலத்தில் இறக்குமதி எல்லாவற்றையும் அடைத்துத்தான் வைத்திருந்தோம். கடத்தல் சரக்கு விற்ற பாரிமுனை பர்மா பஜாருக்கு வாழ்வு வந்தது! ஜப்பான் டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டுப் பாடவிட்டுக் காட்டுவார்கள். பில் கேட்டால் சிரிப்பார்கள். அரசுக்கு வரியும் வரவில்லை, உள்ளூர்க் கம்பெனிக்குப் புத்தியும் வரவில்லை. அந்தக் கட்டுப்பாடுகளில் மிச்சமிருந்ததை 2001 ஏப்ரலில் எடுத்தார்கள், அதுவும் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவிடம் வழக்கில் தோற்ற பிறகு.

அதற்காக அடைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். திருவொற்றியூரில் 1955இல் புல்லட் மோட்டார் சைக்கிளை வெளிநாட்டுப் பாகங்களை வைத்துத்தான் பூட்ட ஆரம்பித்தார்கள். 1962க்குள் பாகங்களும் இங்கேயே தயாராயின. 'பூட்டி விற்றால் போதாது, இங்கேயே செய்யும் திட்டத்தைக் காட்டு' என்று அன்றைய அரசு பிடித்த பிடியில், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களில் கடையைக் கட்டின. எண்ணூர் லாரிக் கம்பெனி லேலண்ட் நிலைத்து நின்றது. அதுவரை சரி. அப்புறம் போட்டியே இல்லாமல் விட்டதில் அதே புல்லட்தான் பல வருஷம் ஓடியது.

தென் கொரியாவும் கதவை அடைத்தது. ஆனால் சலுகைக் கடன் கொடுத்த கையோடு, 'வெளிநாட்டில் எவ்வளவு விற்றாய்?' என்று கணக்குக் கேட்டது. ஹூண்டாய் 1975இல் முதல் சொந்தக் காரைச் செய்து, மறுவருஷமே ஈக்வடாருக்குக் கப்பலேற்றியது. இங்கே வரி போடுபவர்கள் இப்படிக் கணக்கும் கேட்பதில்லை, கெடுவும் வைப்பதில்லை. என் கோபம் அதில்தான்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் வரி என்றால் உங்கள் வீட்டுக்காரர் வாங்கும் கிரானுல்ஸுக்கும், மோல்டு செய்கிற ஸ்டீலுக்கும் சேர்த்துத்தான். செலவு ஏறும். 70 சதவீத வேலிக்குள், இங்கே பொம்மை விலையை ஏற்றிக்கொள்ளலாம். துபாயில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

வரி இருக்கும்போதே ஒரு நல்ல மோல்டுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இங்கே செய்கிற பொம்மைக்கும் கட்டாயம். அதற்கான லைசென்ஸ் எடுத்துவிட்டாரா? கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே.