போர்ட்டோவில் கார் எடுத்து மலைப் பூங்காக்கள் வழியாக ஐந்து நாள் ஓட்ட எந்தப் பாதை நல்லது?

வடக்கே ஆரம்பித்து தெற்கே இறங்குங்கள். முதலில் பெனேடா-ஜெரெஸ், 1971-ல் தொடங்கிய இது போர்ச்சுகலின் ஒரே தேசியப் பூங்கா, மற்றவை எல்லாம் இயற்கைப் பூங்கா என்ற வகை. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய அல்பெர்கேரியா காட்டுக்குள் ரோமானியர் காலத்து மைல்கற்கள் இன்னும் நிற்கின்றன, ஆனால் கோடையில் அந்தச் சாலையில் காருக்குக் கட்டணம் உண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தவும் விடமாட்டார்கள். சொவாஜு, லிந்தோசு ஊர்களில் சோளம் சேமிக்கும் கருங்கல் குதிர்களைப் பார்க்காமல் வராதீர்கள்.

அப்புறம் அல்வாவ் இயற்கைப் பூங்கா. விலா ரியாலிலிருந்து மொந்திம் பக்கம் போகும் என்304 சாலையில் வளைவுக்கு வளைவு காட்சிதான், பூங்காவுக்குள் எர்மெலு அருவியும் இருக்கிறது. இதற்கு ஒரு நாள் போதும்.

மிச்ச நாள் முழுக்க செர்ரா த எஸ்ட்ரேலா மலைப் பூங்காவுக்கு. மன்டெய்காஸ் ஊரிலிருந்து ஏறும் என்338 சாலை, பனியாறு குடைந்த செசெரெ பள்ளத்தாக்கின் ஓரமாகவே போகிறது. உச்சியில் தோர்ரெ, 1993 மீட்டர். தீவுகளை விட்டுவிட்டால் நாட்டிலேயே உயரமான இடம். 2000-ஐத் தொடவேண்டும் என்று ஏழு மீட்டரில் ஒரு கோபுரம் வேறு கட்டி வைத்திருக்கிறார்கள்! உச்சியே கொஞ்சம் சுமார்தான், ஏறும் வழிதான் அழகு. குளிர்காலத்தில் பனி விழுந்தால் மேல் சாலையை மூடிவிடுவார்கள், மே கடைசி அல்லது செப்டம்பர் சரியாக இருக்கும்.