குளிக்க மறுக்கும் அம்மா: வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். என் தாயாருக்கு 79 வயது. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மூன்று வாரமாகக் குளிக்க மறுக்கிறார். என் மனைவி கையைப் பிடித்து அழைத்தால் திட்டுகிறார், கை ஓங்குகிறார். மார்புக்குக் கீழும் தொடை இடுக்கிலும் தோல் புண்ணாகி வாடை வருகிறது. இரவில் டயாப்பர் கட்டுகிறோம். மகனான நான் எப்படிக் குளிப்பாட்டுவது என்று கூச்சமாகவும் இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் ‘டிரெயினிங் எடுத்த நர்ஸ்’ அனுப்புவதாகச் சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். அந்த ஏஜென்டைப் பற்றிப் பின்னால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். ‘குளிப்பாட்டுவது’ என்ற சொல்லை நம் வீடுகளில் இரண்டு பேருக்குத்தான் பயன்படுத்துகிறோம்: கைக்குழந்தைக்கும், இறந்தவருக்கும். “நான் செத்த பிறகு எல்லோரும் சேர்ந்து குளிப்பாட்டுங்கள்” என்று மருமகளிடம் சீறிய ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மறதி நோய் எதுவும் இல்லை. சொல்லின் பொருள் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். “அம்மா, வெந்நீர் விளாவி வைத்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். முதுகும் காலும் மட்டும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது வீம்பு அன்று, பயம். நடை தள்ளாடும் ஒருவருக்கு நம் குளியலறை எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்: ஈரமான வழவழப்பான தரை, ஒரு சாண் உயர வாசற்படி, மங்கலான விளக்கு, பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. துண்டு போடும் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் பிடிமானம் என்று நினைத்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே பேச்சுவார்த்தைக்கு முன் குளியலறையைச் சரிசெய்யுங்கள். கைப்பிடிக் கம்பியை நேரடியாகச் சுவரில் துளையிட்டுப் பதிக்க வேண்டும். காற்றழுத்தத்தில் ஒட்டும் ரகத்தை வாங்காதீர்கள், அது பாரம் தாங்காது. உட்கார்ந்து குளிக்க அகலமான, கனமான நாற்காலி ஒன்று வேண்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஈரத்தரையில் விரிந்துகொள்ளும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு ஒரு திரை போடுங்கள்.

அடுத்தது கூச்சம். நம் பாட்டிமார் ஆற்றிலும் கிணற்றடியிலும் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஊரார் நடுவில் மானத்தோடு குளித்தவர்கள். உங்கள் தாயாரும் அப்படியே உட்காரட்டும். ஈரத்துணியோடு தண்ணீர் ஊற்றி, சோப்புத் துணியை அவர் கையில் கொடுத்தால், மறைவிடங்களை அவரே பாவாடைக்குள் கைவிட்டுக் கழுவிக்கொள்வார். முன்னிருந்து பின்னாகத் துடைக்கச் சொல்வது மட்டும் உங்கள் வேலை. முடிந்ததும் தோளில் ஒரு காய்ந்த துண்டைப் போர்த்திவிட்டு, அதன் உள்ளேயே ஈரப் பாவாடையை நழுவவிடுங்கள். இப்படிச் செய்தால் மகன் கூட இருப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தினமும் தலையிலிருந்து கால் வரை குளித்தே ஆக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. இந்த வயதில் தோலில் எண்ணெய்ப்பசை குறைந்துவிடுவதால் அடிக்கடி சோப்புப் போட்டால் அரிப்புதான் மிஞ்சும். கடலோரத்து உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசப்படாமல் தோலில் படிந்து அரிப்பை இன்னும் கூட்டும். முழுக்குளியல் வாரத்துக்கு இரண்டு முறை போதும். ஆனால் முகம், அக்குள், மார்புக்கு அடிப்புறம், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகிய ஐந்தையும் தினமும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஒற்றி உலர்த்த வேண்டும். இதைக் கட்டிலில் உட்காரவைத்தே செய்யலாம். தண்ணீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், அவரைக் கேட்காதீர்கள். 20 ஆண்டுச் சர்க்கரை நோயில் பாத உணர்ச்சி மழுங்கியிருக்கும், கொதிநீர் பட்டாலும் “இதமாக இருக்கிறது” என்றுதான் சொல்வார். அதே காரணத்தால் கால் நகத்தை பிளேடால் சீவக்கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் மறுப்பு மெல்ல மெல்ல வளர்ந்திருந்தால் பொருந்தும். திடீரென்று தொடங்கியிருந்தால் பொருந்தாது. நேற்றுவரை ஒழுங்காக இருந்தவர் ஓரிரு நாளில் மாறி, பகலில் மயங்கிக் கிடந்து, இரவில் எழுந்து உளறி, தொட்டால் அடிக்க வந்தால், அது குணம் மாறியதன் அடையாளம் அன்று, உடம்புக்குள் ஏதோ கோளாறு என்பதன் அடையாளம். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை மிகவும் இறங்கிப்போதல், இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைவு, பல நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகிய எதுவும் முதியவரை இப்படி ஆக்கும். முதுமையில் தொற்றுக்குக் காய்ச்சல் வந்தே தீரும் என்று காத்திருக்கக் கூடாது. வில்லியனூர் பக்கமிருந்து ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார்கள். “மூன்று நாளாகப் பேய் பிடித்ததுபோல் கத்துகிறார், மேலே தண்ணீர் படவிடுவதில்லை” என்றார்கள். மந்திரித்த கயிறும் கையில் இருந்தது. அடிவயிற்றைத் தொட்டேன், கல்லாக இருந்தது. சிறுநீர் அடைத்துக்கொண்டு உள்ளேயே தேங்கியிருந்தது. குழாய் வைத்து அதை வெளியேற்றிய பிறகு அன்றிரவு தூங்கினார். மறுநாள் காலை என்னிடம் காபி கேட்டார். உங்கள் கடிதத்தில் ‘மூன்று வாரம்’ என்று இருக்கிறது. அதற்கு முன்பே ஒருநாள் விட்டு ஒருநாள் குளியலைத் தவிர்த்துவந்தாரா, அல்லது ஒரு குறிப்பிட்ட நாளில் ஆரம்பித்ததா? இரண்டாவது என்றால் இன்று மாலைக்குள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கையில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் புறப்படுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தோல் புண். ஈரமும் சூடும் தேங்கும் மடிப்பில், அதுவும் சர்க்கரை நோயாளிக்கு வருவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுதான். டால்கம் பவுடர் கொட்டாதீர்கள். வேர்வையோடு குழைந்து மாவுபோல் அப்பிக்கொள்ளும். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றாதீர்கள், எரியும். மருந்துக் கடையில் “படைக்கு ஒரு கிரீம் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்பவருக்கு நீட்டப்படும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், இரண்டு வாரத்தில் புண் தொடைவரை பரவும், தோல் காகிதமாக மெலியும். மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிய களிம்பையே போடுங்கள்; அதோடு சர்க்கரை அளவையும் பாருங்கள். டயாப்பரில் மலம் பட்டால் உடனே மாற்ற வேண்டும், சிறுநீர் மட்டும் என்றாலும் இரவு முழுக்க ஒன்றையே விட்டுவைக்கக் கூடாது. மாற்றும்போதெல்லாம் பிட்டத்தின் நடு எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், அதன்மேல் பாரம் விழாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இப்போது ஏஜென்ட். பெரிய மருத்துவமனைகளின் வாசலில், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிக்கொண்டு திகைத்து நிற்பவர்களின் கையில் விசிட்டிங் கார்டைத் திணிக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. வார்டில் வேலை செய்பவர்களே எண்ணைக் கொடுத்துக் கமிஷன் வாங்குவதும் உண்டு. இவர்கள் ‘நர்ஸ்’ என்று சொல்லி அனுப்பும் பெண், பெரும்பாலும் போன வாரம் வரை வேறு ஏதோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தப் பெண் மீது எனக்குக் குறையில்லை. நல்ல மனத்தோடு பார்த்துக்கொள்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் செவிலியருக்கு உரிய பணம் கொடுக்க, அவர் கைக்கு அதில் பாதி சேர்ந்தால் அதிகம். நான்காம் நாள் அவர் நின்றுவிடுவார், “மாற்று ஆள் வருகிறார்” என்று ஒரு வாரம் ஓடும், முன்பணம் திரும்பாது.

உண்மையான செவிலியர் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அதைக் கேளுங்கள். “ஆபீசில் இருக்கிறது” என்றால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். உங்கள் தாயாருக்கு இப்போது தேவைப்படுவதோ செவிலியர் அன்று, காலையில் இரண்டு மணி நேரம் வந்துபோகும், கை பதமான ஒரு பெண். உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். குளியல், டயாப்பர் மாற்றுதல், துணி அலசுதல் என்று வேலையைத் தாளில் எழுதி, சம்பளத்தை வாரக் கணக்கில் அவர் கையிலேயே கொடுங்கள். முதல் மூன்று நாள் உங்கள் மனைவியும் உடனிருக்கட்டும்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம் எங்கள் மருத்துவத் துறைதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம், எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படித் துடைப்பது என்று ஒரு வரி எழுதுவதில்லை. கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சைக்குப் புதுச்சேரி வருகிறீர்கள். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டியதும் நிர்வாகம் மாறிவிடுகிறது. இங்கே பார்த்த மருத்துவர் அங்கேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை, நீங்களே காகிதத்தைச் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது. ஆனாலும் நீங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் (பிசியோதெரபி) வீட்டிலேயே உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வீட்டுக்கு வரும் ஊழியரிடம் நடைப் பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள். “ஆள் இல்லை, அப்புறம் வாருங்கள்” என்று அனுப்பினால் மறுபடியும் போங்கள். முதல் முறையிலேயே காரியம் நடந்துவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். முதியோர் உதவி எண் 14567-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது என்றால், வரும் வெள்ளிக்கிழமை. அந்த வயதுப் பெண்களுக்கு ‘வெள்ளிக்கிழமை, தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும்’ என்பது எழுபது ஆண்டுப் பழக்கம், மற்றவை மறந்தாலும் இது மறப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணி வாக்கில் கூப்பிடுங்கள். எண்ணெய் கேட்டால் உச்சந்தலைக்கு மட்டும், நாற்காலியில் உட்காரவைத்தே தடவுங்கள். உள்ளங்காலில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. மழை பிடித்துக்கொண்டிருந்தால் தலைக்கு வேண்டாம், காலையும் முதுகையும் கழுவிவிட்டு மடிப்புகளை உலர்த்தி, உள்ளதில் மெல்லிய பருத்திச் சேலையைக் கட்டிவிடுங்கள்.